சிதம்பரனாரின் பிற்பாதி

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் கண்ணூர்ச் சிறையின் கதவு திறந்தது. வெளியே வந்தவருக்கு அகவை நாற்பது. வரவேற்க வந்திருந்தோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1908 மார்ச்சில், இதே மனிதர் கைதானபோது தூத்துக்குடியும் திருநெல்வேலியும் கடைகளை அடைத்துத் தெருவில் நின்றன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அந்த ஆரவாரத்தையும் இந்த மௌனத்தையும் ஒருசேரத் தாங்கிய வாழ்வு வ. உ. சிதம்பரம் பிள்ளையினுடையது. முற்பாதி எல்லோருக்கும் தெரியும். திரைப்படமாகவும் வந்துவிட்டது. பிற்பாதியோ நூலகங்களில் மட்டுமே கிடக்கிறது. தமிழன்பர்க்கு உரியது அதுவே.

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வழக்கறிஞர் குடும்பம், தாமும் வழக்கறிஞர். 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் பத்து இலட்சம். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே அதற்கும் தலைவராய் அமைந்தது தமிழுக்கும் அந்தக் கப்பலுக்கும் உள்ள உறவைக் காட்டும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, லாவோ என்னும் கப்பல்கள் ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பின்னர் இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தார். அடுத்த வாரமே சிறை. பின்ஹே என்னும் நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அதைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், அக்கலக்கம் தீரவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. செக்கிழுத்த கைகளின் தழும்பு குறையவில்லை. அவர் சிறையில் இருக்கும்போதே சங்கம் கலைந்தது. கப்பலும் எந்தப் போட்டியாளரை எதிர்த்து வாங்கப்பட்டதோ அவர்களிடமே விலைபோயிற்று.

வெற்றி என்பதை ஐந்தொகைக் கணக்கில் பார்ப்பவர் இந்த இடத்தில் ஏட்டை மூடிவிடலாம்.

ஆனால் இதே சிறையில்தான் அவர் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் சிறுநூலொன்றை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கினார். மனிதனின் நிலை அவன் எண்ணத்தின் விளைவே என்பது அந்நூலின் சாரம். ஆலன் அமைதியான ஒரு கடற்கரை ஊரில் வாழ்ந்தவர். அந்தக் கருத்து அங்கே எளிதாக முளைக்கும். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டப்பட்டவனுக்கு அதைவிடக் கசப்பான கேலி உண்டா? தன் துன்பத்துக்குத் தன் எண்ணமே காரணம் என்று ஓர் அடிமை நாட்டுக் கைதி ஒப்புக்கொள்வது ஆள்பவனை விடுவித்துவிடாதா? இந்த வினா நியாயமானதே. சிதம்பரனார் அந்நூலை அவ்வாறு வாசிக்கவில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அரசின் கொடுமையைக் கொடுமை என்று சொல்வதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. பிறர் கைக்கு எட்டாத ஒன்று தம்மிடம் மிஞ்சியிருக்கிறதா என்றே தேடினார் போலும். குறளை அடியொற்றி மெய்யறம் என்னும் அறநூலையும் சிறையிலேயே யாத்தார். அது 1914இல் அச்சேறியது. ஆலனின் வேறு நூல்களும் அகமே புறம், வலிமைக்கு மார்க்கம் என அடுத்தடுத்துத் தமிழில் வந்தன.

அக்கொள்கைக்கு உண்மையான சோதனை சிறைக்கு வெளியேதான் காத்திருந்தது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறினார். அரிசியும் நெய்யும் விற்றுப் பார்த்தார்; கைகொடுக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டித் தந்த பணம் காந்தியடிகளிடம் இருந்தது. 1915இல் அதைப் பற்றிக் கடிதங்கள் நடந்தன. காந்தியடிகளுக்குக் கொடுத்தவர் பெயரும் தொகையும் நினைவில்லை. ஒருகாலத்தில் இலட்சங்களைத் திரட்டியவர் பணிவு குன்றாமல் மீண்டும் மீண்டும் எழுதினார். தேவையில்லை என்று பொய் சொல்ல அவர் மனம் இசையவில்லை. முடிவில் 1916இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தக் கடிதங்களில் பெருமிதமும் பசியும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கின்றன. வீரவணக்கக் கட்டுரைகள் இதைத் தொடாமல் தாண்டிப்போவது ஏனோ தெரியவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1917இல், திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையோடு பதிப்பித்தார். அடுப்பு எரியாத வீட்டில் ஒருவர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. சிறையில் தொடங்கிய தொல்காப்பியப் படிப்பும் விடவில்லை. அதன் விளைவாக இளம்பூரணர் உரைக்கு அவர் கையால் பதிப்புகள் அமைந்தன. பொருளதிகாரப் பணியில் வையாபுரிப் பிள்ளை துணைநின்றார். நச்சினார்க்கினியர் நிழலில் மங்கியிருந்த முதல் உரையாசிரியர் கற்போர் கைக்கு வந்ததில் இந்த முன்னாள் கைதிக்குப் பெரும்பங்கு உண்டு.

வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. ஆங்கில அரசால் அழிக்கப்பட்டவர் அந்த ஆங்கிலேயரின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று இட்டார். பகையையும் நன்றியையும் ஒரே கணக்கில் எழுதாத மனம் அது. கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்காடினார், செல்வம் சேரவில்லை. 1934இல் ஆலனின் இன்னொரு நூல் சாந்திக்கு மார்க்கமாக வெளிவந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆசிரியரிடம் திரும்பியிருக்கிறார்.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில், தாம் விரும்பியவாறே, காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார். அகவற்பாவில் அவர் எழுதிவைத்த தம் வரலாறு பத்தாண்டுகள் கழித்து, 1946இல், நூலாக வந்தது.