சக்கர நாற்காலியில் அமர்ந்து சிகிச்சை செய்த மேரி வர்கீஸ்

நெடுந்தீவிலோ நயினாதீவிலோ வாழும் சிறுமி ஒருத்திக்கு முழங்காலருகே எலும்பில் புற்றுநோய் கண்டால், கடல் கடந்து மகரகமை வரை செல்ல நேரிடலாம். கட்டி அகற்றப்பட்டு மருந்தும் முடிந்த பின்னர், தழும்பு இறுகித் தசை மெலிந்து முழங்கால் மடங்க மறுப்பதுண்டு. நமது வாழ்வோ தரையோடு ஒட்டியது. சப்பணமிட்டு உண்பதற்கும், கோயிலில் விழுந்து வணங்குவதற்கும், தொழுகையில் சுஜூது செய்வதற்கும் மடங்கும் மூட்டு வேண்டும். உயிர் பிழைத்ததே போதும் என்று பெற்றோர் அமைதியடைந்துவிடுகின்றனர். மருத்துவரும் சிலவேளை அவ்வாறே எண்ணுகின்றார்.

அவ்வாறு எண்ணாதவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925இல் கேரளத்தின் செராயி என்னும் ஊரிற் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். மகப்பேற்று மருத்துவராகும் விருப்பத்துடன் இருந்த அவரை 1954 ஜனவரியில் நிகழ்ந்த வாகன விபத்து முறித்துப் போட்டது. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்பின் கீழ் உணர்வும் அசைவும் அற்றுப்போயின.

கால்கள் போனாலும் கைகள் எஞ்சியிருந்தன. தொழுநோயால் மடங்கி இறுகிய விரல்களைத் தசைநாண் மாற்றி இயங்கச் செய்யும் சிகிச்சையை வேலூரில் வளர்த்தவர் டாக்டர் போல் பிராண்ட். நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய அந்த அறுவையை அவரிடம் கற்றார் மேரி. கத்தி தன் பங்கை முடித்த பின், நாள்தோறும் செய்யும் பயிற்சியே விரலை விரலாக்குகிறது என்பதை அங்கே கண்டார். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தாமே சிகிச்சை பெற்றார். நியூயோர்க்கில் ஹவர்ட் ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் உள்நோயாளருக்கான மறுவாழ்வு நிலையம் அங்கு திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகையது அதுவே முதலாவது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986 டிசம்பரில் மறைந்தார்.

அவர் சிகிச்சையளித்தோரிற் பலர் முதுகுத்தண்டு முறிந்தவர்களும் தொழுநோயாளருமே. ஆயினும் இறுகிய மூட்டின் இயல்பு பெரிதும் வேறுபடுவதில்லை. கதிர்வீச்சுப் பெற்ற எலும்பு எளிதில் முறியக்கூடும், வலிந்து மடக்கலாகாது. அறுவை செய்த மருத்துவரின் அனுமதியோடு, இயன்மருத்துவர் காட்டிய அளவில், சிறிது சிறிதாக ஒவ்வொரு நாளும் அசைக்க வேண்டும். வாரம் ஒருமுறை குறிகாட்டுவானுக்குப் படகேறி யாழ்ப்பாணம் சென்று வருவதால் மட்டும் இது கைகூடாது. வீட்டுத் திண்ணையில் நாளாந்தம் அதைச் செய்விக்க வேண்டியவள் தாய். வேலூர் நிலையத்திலோ, நோயாளியுடன் குடும்பத்தவரும் தங்கி, வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியவற்றைக் கற்றே செல்கின்றனர்.