டானியேல் பூவர்

டானியேல் பூவர் (ஜூன் 27, 1789 – பிப்ரவரி 3, 1855) அமெரிக்காவைச் சேர்ந்த கிறித்தவ சமயப் பரப்புநரும் கல்வியாளரும் ஆவார். யாழ்ப்பாணத்தில் 1823ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினறியின் முதல் அதிபர் இவரே. பின்னர் மதுரையில் சுமார் ஐந்து ஆண்டுகள் பணியாற்றி, அங்கு அமெரிக்க மிஷனின் பள்ளிகளைப் பெருக்கினார். பழனி மலையில் கொடைக்கானல் குடியிருப்பைத் தோற்றுவித்தவர்களும் இந்த மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களே.

இளமையும் வருகையும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டேன்வர்ஸ் நகரில் பிறந்த பூவர், 1811இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆண்டோவர் இறையியல் பள்ளியில் பயின்றபின் 1815 அக்டோபரில் மனைவி சூசனுடன் கப்பலேறி, 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார். ஆளுநர் பிரவுன்றிக், யாழ்ப்பாணத்தில் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களை அமெரிக்கர்களுக்கு வழங்கினார். தெல்லிப்பழை பூவருக்கும் எட்வர்ட் வாரனுக்கும் கிடைத்தது. அவ்வாண்டே பூவர் அங்கு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை இப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது.

இழப்புகள் விரைவில் வந்தன. வாரன் 1818இல் இறந்தார். சூசன் 1821இல் இறந்தார்.

கல்லூரி என்று பெயரிட முடியாத கல்லூரி

தெல்லிப்பழையில் தங்கிப் படித்த சிறுவர்களின் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றனர். பணம் தந்தவர் விரும்பிய பெயரே மாணவனுக்கும் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பெயர்கள் யாழ்ப்பாணத்து இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது இவ்வழக்கத்தினால்தான்.

இம்மாணவர்கள் வளர்ந்தபோது உயர்கல்வி தேவைப்பட்டது. ஆனால் பிரவுன்றிக்குக்குப் பின் பொறுப்பேற்ற எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கர்களை ஐயத்துடன் நோக்கினார். 1820இல் வந்திறங்கிய அமெரிக்க அச்சாளர் ஒருவர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். கல்லூரி அமைக்கவும் அரசு இசைவு தரவில்லை. ஆகவே 1823 ஜூலையில் வட்டுக்கோட்டையில் மையப் பள்ளி என்ற அடக்கமான பெயரிலேயே அது தொடங்கப்பட்டது. செமினறி என்ற பெயர் பின்னர் வந்தது. பெயர் எதுவாயினும் கற்பிக்கப்பட்டவை கல்லூரிப் பாடங்களே.

ஆங்கிலத்துடன் கணிதம், வானியல் ஆகியனவும், இவற்றுக்கு இணையாகத் தமிழ் இலக்கண இலக்கியங்களும் அங்கு பாடங்களாயின. நாட்டு மக்களின் நூல்களை அறியாத சமயப் பணியாளர் அவர்களிடம் எதையும் பேச இயலாது என்பது பூவரின் கருத்து. அவரே தமிழை நன்கு கற்றுத் தமிழில் உரையாற்றினார்.

வானியல் அவருக்கு வாதக் கருவியாகவும் பயன்பட்டது. 1829 மார்ச் 20 அன்று நிகழவிருந்த சந்திர கிரகணத்திற்கு, புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாஸ்திரியார் குறித்திருந்த தொடக்க நேரம், நீடிக்கும் காலம், மறைப்பளவு ஆகியவற்றில் பிழை இருப்பதாகப் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு கிரகணம் பூவரின் கணக்கை ஒட்டி நிகழ்ந்தது. மிஷன் நூல்கள் இதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடின. எனினும் தொலைநோக்கியோ அச்சிட்ட அட்டவணைகளோ இன்றி, மரபு வாய்பாடுகளைக் கொண்டே சாஸ்திரியார் கணித்த தொடக்க நேரம் கால் மணி நேர அளவே பிசகியது என்பதையும் சேர்த்தே இந்நிகழ்ச்சியை மதிப்பிட வேண்டும்.

மதுரையும் பழனி மலையும்

யாழ்ப்பாணத்து மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் தொடங்கப்பட்டது. பூவர் செமினறியை ஹென்றி ஹொய்சிங்டனிடம் ஒப்படைத்துவிட்டு 1836இல் மதுரை சேர்ந்தார். அங்கு 37 பள்ளிகளைத் திறந்து, குதிரையில் சென்று தாமே மேற்பார்வையிட்டார். வழியில் கூடியவர்களிடம் குதிரையில் அமர்ந்தபடியே பேசுவதும் உண்டு. 1841இல் யாழ்ப்பாணம் திரும்பினார்.

மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அமெரிக்கக் குடும்பங்களை வாட்டின. முதலில் சிறுமலையில் அடைக்கலம் தேடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பின்னர் 1845இல் பழனி மலை மீது வீடுகள் கட்டினர். அதுவே கொடைக்கானல் நகரின் தொடக்கம்.

மிஷனின் கல்விப் பணியும் தொடர்ந்தது. 1842இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி தொடங்கிய விடுதிப் பள்ளி 1845இல் பசுமலைக்கு மாறி, 1881இல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்தது. 1904இல் மதுரை நகருக்கு வந்தது. இதுவே அமெரிக்கன் கல்லூரி. அதன் நூலகம் டானியேல் பூவரின் பெயரைத் தாங்கியுள்ளது.

இறுதிக் காலம்

பூவர் 1840களின் இறுதியில் தாய்நாடு சென்று, மீண்டும் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றினார். அக்காலத்தில் செமினறியின் மீது வேறொரு குறை எழுந்தது. ஆங்கிலம் கற்ற மாணவர்கள் ஊழியத்தில் நிலைக்காமல் நல்ல ஊதியத்துக்காக அரசு வேலைகளை நாடினர். பலர் சைவத்திலிருந்தும் விலகவில்லை. மிஷன் தலைமைச் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் உறுப்பினராக இருந்த குழு 1855இல் யாழ்ப்பாணம் வந்தது. ஊழியர்களை உருவாக்கத் தாய்மொழிக் கல்வியே போதும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 3 அன்று பூவர் மானிப்பாயில் காலராவால் காலமானார்.

செமினறியின் பழைய மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பிய உரைகள் உள்ளிட்ட பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார். மூடப்பட்ட செமினறியின் வளாகத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்காக முனைந்தவர்களில் செமினறியின் பழைய மாணவர்களும் இருந்தனர்.