மேகநாத் ஸாஹாவும் நமது தறிகளும்

பட்டு நெசவால் பேர்பெற்றது ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் வாழும் நாம், கைராட்டையைச் சுதந்திரப் போரின் சின்னமாகப் போற்றிய மரபில் வந்தவர்கள். ஆகவே, ராட்டையைக் கொண்டு இந்நாட்டின் வறுமையை ஒழிக்க இயலாது என்று பகிரங்கமாகக் கூறிய ஒருவரின் சரித்திரத்தை இப்பத்தியில் எழுதப் புகுவது நேயர்கள் சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயினும் மேகநாத் ஸாஹாவின் தேசபக்தியை எவரும் சந்தேகிக்க முடியாது. பாலப் பருவத்திலேயே தேசத்தின் பொருட்டுத் தண்டனை பெற்றவர் அவர். அத்தகையவரின் அபிப்பிராயம் நமக்குக் கசப்பாயிருப்பினும், அதைக் கேட்டு ஆராய்வது நம் கடமை.

1893-ம் வருஷம் அக்டோபர் மாதம் 6-ந் தேதி, டாக்காவை அடுத்த ஒரு கிராமத்தில் ஸாஹா பிறந்தார். தகப்பனார் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். பையன் கடையில் உட்கார்ந்தால் போதும் என்பது அவரது எண்ணம். மேல் வகுப்புப் பள்ளியோ பல மைல் தூரத்தில் இருந்தது. அவ்வூரில் வைத்தியம் செய்து வந்த அனந்த குமார தாஸ் என்ற புண்ணியவான் தம் வீட்டில் இடமும் உணவும் அளித்திராவிடில், அந்தச் சிறுவனின் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

பின்னர் டாக்காவில் அரசாங்கப் பள்ளியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். 1905-ல் வங்காளம் பிரிக்கப்பட்டது. கிழக்கு வங்காள கவர்னர் புல்லர் பள்ளிக்கு விஜயம் செய்தபோது மாணவர்கள் எதிர்ப்புக் காட்டினர். அதன் பலனாக ஸாஹா பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் போயிற்று. வேறொரு பள்ளியில் சேர்ந்து படித்துத் தேறினார்.

1911-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையை அடைந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். ஸத்யேந்திரநாத் போஸ் உடன் பயின்றவர். அறிவுக்கு இப்படிப்பட்ட சத்சங்கம் வாய்த்த அதே ஊரில், மாணவர் விடுதியில் ஜாதியின் பெயரால் உடனுண்ணும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. அந்நிய ஆட்சி ஒரு பக்கமும் சொந்த சமூகம் மறுபக்கமும் அவமதித்த இளைஞர் அவர்.

இனி, அவர் செய்த மகத்தான காரியத்தைக் கூறுவோம். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் கருங்கோடுகள் பல தென்படும். ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கேயுரிய கோடுகள் உண்டு. ஆனால் பூமியில் கிடைக்கும் ருபீடியம் போன்ற சில மூலகங்களின் கோடுகளைச் சூரியனில் காணோம். அவை அங்கே இல்லையா? ஸாஹா விடை கண்டார். கச்சாப் பட்டைச் சோப்பு நீரிலிட்டுக் காய்ச்சினால், சூட்டுக்குத் தக்கபடி பசை கழன்று இழை வேறாகிறதல்லவா? அது போலவே, கடும் வெப்பத்தில் அணுவினின்றும் எலக்ட்ரான் கழன்று விடுகிறது. எலக்ட்ரானை இழந்த அணு தன் பழைய கோடுகளைக் காட்டாது. இன்ன வெப்பத்தில், இன்ன அழுத்தத்தில், இன்ன மூலகத்தின் அணுக்களில் எத்தனை பங்கு இவ்வாறு பிரியும் என்பதை ஒரே சமன்பாட்டில் அடக்கி 1920-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26.

சூரியனின் மற்றப் பரப்பைவிட வெப்பம் குறைந்த கரும்புள்ளிகளில் ருபீடியத்தின் கோடுகள் தோன்ற வேண்டும் என்பது அவர் துணிபு. அமெரிக்காவில் மவுண்ட் வில்ஸன் வானாராய்ச்சி நிலையத்தின் படங்களை ரஸ்ஸல் என்ற வானநூல் நிபுணர் சோதித்தார். கோடுகள் அங்கே இருந்தன. 1927-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டி ஸாஹாவை அங்கத்தினராக ஏற்றது.

அணுக்களும் எலக்ட்ரான்களும் இவ்வாறு பிரிந்து உலவும் வாயுவுக்கு 1928-ல் லாங்முயர் என்ற அமெரிக்கர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். வாயுவில் மின்சாரத்தைப் பாய்ச்சியும் அதை உண்டாக்கலாம். வெல்டிங் பட்டறையில் எரியும் மின்வில்லும், இரவு நெய்பவனின் குழித்தறிக்கு வெளிச்சம் தந்த குழல் விளக்கும் இவ்வினமே. மின்வில்லைப் போல் வாயு முழுதும் கொதிக்குமிடத்தில் ஸாஹாவின் கணக்கை இன்றும் பொறியியல் வல்லுநர் கையாளுகின்றனர். குழல் விளக்கிலோ எலக்ட்ரான்களுக்கே வெப்பம் அதிகம், வாயு குளிர்ந்திருக்கும். அதற்குக் கணக்கு வேறு.

இத்தகைய கீர்த்தியுடன் ஸாஹா ஆராய்ச்சிச் சாலைக்குள் அடங்கி இருந்திருக்கலாம். அவர் அவ்வாறு இருக்கவில்லை. 1935-ல் விஞ்ஞானத்தையும் தேச நலனையும் இணைத்துப் பேசும் பத்திரிகையொன்றைத் தொடங்கினார். 1938-ல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் அக்கிராசனராயிருந்த காலத்தில் தேசியத் திட்டக் கமிட்டி ஏற்படுவதற்கு உழைத்தார். 1952-ல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சர்க்காரின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தார். 1956 பிப்ரவரி 16-ந் தேதி டில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்தை நோக்கி நடந்து செல்கையில் மாரடைப்பால் சாய்ந்தார்.

அணைகள், மின்சாரம், பெருந்தொழில் ஆகியவையே ஏழ்மைக்கு மருந்து என்றும், ராட்டையும் மாட்டு வண்டியும் அம்மருந்தாகா என்றும் அவர் வாதித்தார். இவ்விஷயத்தில் நாம் அவருடன் முற்றிலும் உடன்படவில்லை. கைத்தறி ஒழிந்தால் பல்லாயிரம் குடும்பங்கள் எங்கே செல்லும் என்ற கேள்விக்கு அவரது திட்டத்தில் போதிய விடையை நாம் காணவில்லை. ஆனால் கைத்தொழில் என்ற பெயரால் நெசவாளியை அறியாமையிலும் வறுமையிலும் கட்டி வைப்பது தேசபக்தியாகாது என்ற அவரது கோபம் நியாயமானது. ஒரு வேளைச் சோற்றின் அருமையைப் பிறர் வீட்டில் தங்கிப் படித்து அறிந்தவரின் கோபம் அது.

இவ்விரண்டு கட்சிகளும் ஒன்று சேரும் வழியும் உண்டு. குஜராத்தில் காந்திநகரை அடுத்து 1986-ல் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கோரா முயலின் உரோமம் வழவழப்பு மிகுந்தது. நூற்கும்போது இழை வழுக்கிப் பிரிந்துவிடும். அந்நிலையத்தார் அவ்வுரோமத்தைக் குளிர்ந்த பிளாஸ்மாவின் வழியே செலுத்தினர். மேற்பரப்பு சிறிது சொரசொரப்பாகி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. சாயக்கழிவு போன்ற அழுக்கு நீர் இதில் இல்லை. நூற்கும் கையை ஒழிக்காமலே அதன் தொல்லையை விஞ்ஞானம் நீக்கியது.

ஆரணிக்கு வேண்டியதும் இதுவே. சாயக் குளியலிலும் ஜரிகையிலும் பாவு இழைப்பதிலும் நெசவாளிக்கு உள்ள இடர்கள் எவையெவை? நமது கலாசாலைகளில் பௌதிகமும் ரஸாயனமும் கற்பிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் ஒரு தறிக்குழியருகில் அமர்ந்து அதைக் கேட்டிருக்கின்றனர்? நெசவாளியின் மக்களில் எத்தனை பேரை நாம் ஆராய்ச்சிச் சாலை வரை படிக்க வைத்திருக்கிறோம்? மளிகைக் கடைப் பையனுக்கு ஒரு வைத்தியர் தம் வீட்டுத் திண்ணையைத் திறந்துவிட்டார்; நட்சத்திரங்களின் வெப்பத்தை அளக்கும் கணக்கு உலகுக்குக் கிடைத்தது. நமது ஊரில் வசதியுள்ளோர் ஒவ்வொருவரும் ஒரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளையின் படிப்பை ஏற்பாராயின், ஸாஹாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவேயாகும்.