காலரா நாள்களில் ஒரு மருத்துவர்

கொள்ளைநோய் பரவும்போது, பிறரைத் தேற்றும் மருத்துவரைத் தேற்றுவது யார்? 1911-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியது. அதன் மூலத்தை ஆராய்ந்து தடுக்கும் வழி கூறும் பொறுப்பு இளம் மருத்துவர் ஜோசப் மொஸ்காத்தியிடம் வந்தது. துயரம் அவருக்குப் புதிதன்று. குதிரையிலிருந்து விழுந்து நோயுற்ற தமையன் ஆல்பெர்த்தோவை ஆண்டுக்கணக்காகப் பேணியும் 1904-ல் பறிகொடுத்தவர்.

அவர் மனச்சுமையை இறக்கிவைத்த இடம் ஆலயமே. நாள்தோறும் காலையில் திருப்பலி, நற்கருணை, பிறகுதான் நோயாளிகள். ஏழைகளிடம் கட்டணம் வாங்கமாட்டார். ஓய்வை மட்டும் தமக்கு எழுதிக்கொடுக்க மறந்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருச்சபை 1987-ல் புனிதராக உயர்த்திய இவர், 1927 ஏப்ரல் 12 அன்றும் திருப்பலி கண்டு, மருத்துவமனை சென்று திரும்பி, வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவே களைப்புற்று நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. வயது 46.