சிங்காரவேலர் காட்டிய சமதர்மம்

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவிலே பொழுது விடியுமுன் தறிச் சத்தம் எழும்புகிறது. திருச்சுழிக் கரிசலிலே மானாவாரி உழவன் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறான். ஒருவனுக்கு நூல் விலை எமன். மற்றவனுக்கு வட்டி எமன். நெய்பவன் இடுப்பிலே கந்தல். விளைவிப்பவன் அடுப்பிலே பூனை! இதைத் தலைவிதி என்றார்கள், நம்பினோம். விதியல்ல, மனிதன் வகுத்த முறை. மனிதனே மாற்றலாம் என்று தமிழிலே எடுத்துரைத்தார் ஒரு பெரியவர். அவர்தாம் தோழர் சிங்காரவேலர்.

1860 பிப்ரவரி 18-ஆம் நாள், சென்னைக் கடலோரத்து அயோத்திக்குப்பத்திலே, மீனவர் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்றார், 1907-இல் வழக்கறிஞரானார். வீடு நிறையப் புத்தகங்கள். புத்தரைப் படித்தார், டார்வினைப் படித்தார், மார்க்சைப் படித்தார். படித்ததைப் பரணிலே போட்டவரல்லர் அவர்! 1921-இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது வக்கீல் தொழிலையே உதறினார். அதே ஆண்டு பின்னி ஆலைத் தொழிலாளர் போராட்டத்திலே அவர்கள் பக்கம் நின்றார்.

1922-இல் கயா காங்கிரசிலே, தாம் பொதுவுடைமைக்காரர் என்பதை ஒளிக்காமல் அறிவித்தார். 1923 மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே செங்கொடி ஏற்றினார். இந்தியாவிலே கொண்டாடப்பட்ட முதல் மே தினம் அது! 1925-இல் கான்பூர் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். அறுபத்தெட்டு வயதுக் கிழவரைக் கண்டு அஞ்சிய வெள்ளைச் சர்க்கார், பத்தாண்டுத் தண்டனை தந்தது. பின்னர் அது குறைக்கப்பட்டு, 1930-இல் வெளியே வந்தார்.

அந்நாளில் உலகத் தொழிலாளர் முன்னே இரண்டு பாதைகள் இருந்தன. ரஷ்யா 1917-இல் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தது. ஜெர்மனியிலோ 1875-இல் கோதா நகரிலே ஒன்றுபட்ட தொழிலாளர் கட்சி, வாக்குச் சீட்டால் வளர்ந்தது. சங்கம் கட்டு, தேர்தலில் நில், சட்டத்தால் உரிமை பெறு என்பது சமூக ஜனநாயகத்தார் வழி. பெர்ன்ஸ்டைன் அதற்குத் தத்துவம் எழுதினார். புரட்சிக்காரர்கள் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள்.

தமிழகத்திலே என்ன நடந்தது? 1931-இல் நம் பக்கத்து விருதுநகரிலே மூன்றாவது சுயமரியாதை மாநாடு கூடிற்று. 1932-இல் பெரியார் ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் கண்டு திரும்பினார். இனி எவரையும் தோழர் என்றே அழைப்போம் என்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஈரோட்டிலே கூடியபோது, சிங்காரவேலர் வகுத்த சமதர்மத் திட்டம் முன்வைக்கப்பட்டது. நிலமும் ரயிலும் பாங்கும் பொதுவுடைமை. உழவன் கடன் ரத்து. சுயமரியாதை இயக்கம் சமூகப் பணியைத் தொடர, சமதர்மக் கட்சி தேர்தலிலே நிற்கும். புரட்சிக்காரர் என்று பெயரெடுத்தவர், சட்டமன்றக் கதவையும் தட்டச் சொன்னார்! முன்பே சென்னை மாநகராட்சி மன்றத்தில் அமர்ந்தவரல்லவா அவர்?

அடுத்து வந்தது அடக்குமுறை. 1933 டிசம்பரில் ‘குடி அரசு’ தலையங்கத்துக்காகப் பெரியார் கைதானார். 1934-இல் பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டது. இயக்கத்தைக் காக்கச் சமுதாயச் சீர்திருத்தமே முதல் வேலை என்று பெரியார் முடிவெடுத்தார், சமதர்மத்தைக் கைவிடலாகாது என்றார் சிங்காரவேலர், ஜீவாவும் அப்படியே. பிரிந்தார்கள். நம் வீட்டுச் சண்டைதான், மறைக்கமாட்டோம். சாதியை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் பேசினால் சேரித் தோழன் நம்மோடு வருவானா? கூலியை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் பேசினால் தறிக்காரன் வயிறு நிறையுமா? இரண்டும் ஒன்றாக நின்ற அந்தச் சில நாட்களை இழந்தது, இருவருக்குமே நட்டம் என்போம்.

ஆயினும் விதை வீண்போகவில்லை. உழவன் கடன் பற்றி 1932-இல் ஈரோட்டிலே பேசியது கனவென்றார்கள். 1938-இல் சென்னை மாகாணத்திலே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமே வந்தது, கொண்டுவந்தவர் இராசகோபாலாச்சாரியார்! முழு ரத்து அல்ல; குறைப்புத்தான். ஆனாலும், தெருவிலே எழுந்த கேள்வி சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது.

1946 பிப்ரவரி 11-ஆம் நாள், எண்பத்தாறு வயது நிறைய ஒரு வாரமே இருக்க, அப்பெரியவர் கண்மூடினார். இன்று சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கட்டடம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பெயர் பலகையிலே இருந்தால் போதுமா, தோழர்களே? சங்கம் இல்லாத வாக்கு, தண்ணீர் இல்லாத கண்மாய். வாக்கு இல்லாத சங்கம், மடை இல்லாத கண்மாய். கரிசல் காட்டானுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? கரையையும் கட்டுவோம், மடையையும் திறப்போம்!