அப்பூச்சிக்கு அஞ்சிய ஆழ்வார்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கூடல் மாநகரில் பாண்டிய மன்னனின் வித்வத் ஸபையில் வேத வாக்யங்களைக் கொண்டு பரதத்வத்தை நிர்ணயித்து, பொற்கிழி அறுந்து விழும்படி வாதம் செய்தருளினார் ஒரு மஹாபுருஷர். கண்ணிமையை மடித்துக்காட்டி ஓடிவரும் சிறு பிள்ளையைக் கண்டு, அம்மம்மா அஞ்சினேன் என்று அலறியவரும் அவரே. ஆழ்வாரின் வைபவத்தைச் சொல்லுவோர் முதலாவதை விரிவாகச் சொல்லுவர். இவ்விதழில் நாம் இரண்டாவதை முன்னிட்டு அவர் சரித்திரத்தைச் சிறிது அநுபவிக்க விழைகின்றோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முகுந்தபட்டருக்கும் பத்மவல்லிக்கும் திருக்குமாரராக, ஆனி மாதம் ஸ்வாதி நக்ஷத்திரத்தில், கருடாம்சமாக அவதரித்தவர் பெரியாழ்வார். பெற்றோர் இட்ட திருநாமம் விஷ்ணுசித்தர். வரலாற்று ஆய்வாளர் இவர் காலத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வைப்பர். எம்பெருமானுக்கு எந்தக் கைங்கர்யம் உகப்பு என்று ஆராய்ந்தவர், வடமதுரையில் கண்ணன் மாலாகாரர் இல்லத்தைத் தானே தேடிச் சென்று பூமாலை கேட்டுப் பெற்றதை நினைந்தார். உடனே திருநந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டி ஸமர்ப்பிக்கலானார். மண் கிளறி, நீர் இறைத்து, பூத்தொடுத்து வாழ்ந்த வாழ்வு அது.

வல்லபதேவ பாண்டியனின் ஐயம், செல்வநம்பியின் ஆலோசனை, கிழி அறுத்த வைபவம், பட்டர்பிரான் என்னும் விருது ஆகியவற்றை அன்பர்கள் நன்கறிவர். யானைமேல் நகர்வலம் வந்தபோது எம்பெருமான் கருடவாஹனத்தில் பிராட்டியோடு வந்து காட்சி தந்தான். காண வந்தவனைக் கண்டதும் ஆழ்வாருக்கு வரம் கேட்கத் தோன்றவில்லை. காலம் நடையாடும் இவ்வுலகில் இத்தனை அழகை வெளியே கொண்டுவந்து காட்டுகிறானே, யார் கண் படுமோ என்று திருவுள்ளம் கலங்கியது. யானையின் கழுத்து மணிகளைத் தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடினார். ரக்ஷகன் அவன், ரக்ஷிக்கப்படுபவர் நாம் என்று சற்றுமுன் ஸபையில் நிலைநாட்டியவர் அதை அடியோடு மறந்தார். அந்தப் பரிவினாலன்றோ இவர் மற்றையோரினும் பெரியவரானார் என்று பூர்வாசார்யர்கள் உகப்பர்.

திருப்பல்லாண்டின் 12 பாசுரங்களையும் சேர்த்து ஆழ்வார் அருளிச்செய்தவை 473. இவற்றுள் முதல் இரண்டு பத்துகளைப் பிள்ளை வளர்க்கும் வீட்டின் ஓசையை அப்படியே பிடித்துவைத்த பாசுரங்கள் என்றால் மிகையாகாது. ஆழ்வார் யசோதையாகிவிடுகிறார். தொட்டில் ஆட்டுகிறார், சப்பாணி கொட்டச் சொல்லுகிறார், தளர்நடை பயிற்றுகிறார். பிற்காலத்தில் ஒட்டக்கூத்தர் முதலான புலவர் பாடிய பிள்ளைத்தமிழுக்கு வித்து இங்கே இருக்கிறது. ஆயினும் அந்நூல்களின் ஒழுங்கு இங்கில்லை. இல்லாததே நல்லது என்பது எமது கருத்து. பிள்ளையுள்ள வீட்டில் ஏது ஒழுங்கு?

அம்புலிப் பருவத்தைப் பாருங்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு சந்திரனை அழைக்கிறாள் தாய். எச்சில் ஊறும் வாயால் இவன் மழலையில் கூப்பிட்டுக்கொண்டே இருக்க நீ போய்க்கொண்டே இருந்தால், உன் காதில் துளை இல்லையோ என்று வானத்து மதியோடு வம்புக்கு நிற்கிறாள். சிறுவன் என்று எண்ணாதே, கோபம் வந்தால் எழும்பிப் பாய்ந்து பிடித்துக்கொள்வான் என்று மிரட்டவும் செய்கிறாள். தலைவாரப் பிள்ளை அடம் பிடித்தால் காக்கையைக் கூப்பிட்டு, இவன் குழலை வார வா என்கிறாள். மேய்க்கும் கோல் கொண்டுவரும் வேலையும் அந்தக் காக்கைக்கே. பிள்ளை காக்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவள் சிக்கெடுத்து முடித்துவிடுவாள். காது குத்தத் திரியிட வேண்டுமென்றால் பெரிய பெரிய அப்பம் தருவதாக ஆசை காட்டுகிறாள். நீராட அழைக்கும்போது, கன்றுகளின் செவியில் கட்டெறும்பைப் பிடித்துவிட்டு அவை மிரண்டு ஓடுவதைப் பார்க்கும் குறும்பை எடுத்துச் சொல்லி, அவை ஓடிப்போனால் உனக்கு வெண்ணெய் எங்கிருந்து வரும் என்கிறாள். கடிவது போன்ற இவ்வார்த்தையில் கோபம் எங்கே இருக்கிறது?

இரண்டாம் பத்தின் முதல் திருமொழிதான் அப்பூச்சி காட்டுதல். கண்ணிமையை மடித்தும் முகத்தைக் கோணலாக்கியும் குழந்தைகள் பிறரை அச்சுறுத்தும் விளையாட்டு அது. பாண்டவர்க்குத் தூது நடந்தவன், பாரதப்போரில் தேர் செலுத்தியவன் என்றெல்லாம் அவன் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்து, அப்படிப்பட்டவன் இதோ அப்பூச்சி காட்டுகிறான் என்று ஒவ்வொரு பாட்டையும் முடிக்கிறார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அவன் காட்டுவது சங்கு சக்கரங்களையே என்பதும் ஓர் அநுபவம். அடியார்க்கு அபயமளிக்கும் அவை ஆய்ப்பாடித் தாய்க்கு அச்சம் தருகின்றன. எமக்குத் தோன்றுவது ஒன்று. பிள்ளையைக் களிப்பிக்க அஞ்சுவதுபோல் காட்டிக்கொள்வது எல்லாப் பெரியோரும் செய்வதே. ஆழ்வாருக்கு அது வெறும் பாவனையன்று. யானைமேல் இருந்தபடி மெய்யாகவே அஞ்சியவர் அவர். அந்த அச்சமும் இந்த விளையாட்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை.

இத்திருமொழிகளின் வ்யாக்யானத்துக்கு நாம் மணவாள மாமுனிகளுக்குக் கடன்பட்டுள்ளோம். பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையின் பெரும்பகுதி அழிந்துபோக, அந்தக் குறையைத் தீர்த்தவர் மாமுனிகள் (1370–1443). துறவறம் பூண்ட அப்பெருந்தகை, பிள்ளையின் எச்சிலுக்கும் அடத்துக்கும் பதம் பதமாகப் பொருளுரைத்ததை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

இங்கே எமது இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நாம் வையம்பட்டியில் வசிப்பவர். திருச்சி ரயிலேறி ஸ்ரீரங்கம் ஸேவித்துவருவது வழக்கம். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பும் ஊர் மாற்றல்களுமாக ஓடியதில், பெற்ற பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிய நாள்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். நாம் வீடு திரும்பும்போது அவன் உறங்கியிருப்பான். சென்ற கோடையில் அயல்நாட்டிலிருந்து வந்த நான்கு வயதுப் பேரன், நாம் காலையில் திருப்பல்லாண்டு அநுஸந்தித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஓடிவந்து முதுகில் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். கைப்புத்தகம் தரையில் விழுந்தது. கடிந்துகொண்டோம். அவனுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது, குரல் புரிந்துவிட்டது. ஒரு மூலையில் போய் நின்றுகொண்டான்.

விழுந்த புத்தகத்தை எடுத்தால், திறந்திருந்த பக்கம் புறம்புல்கல். பிள்ளை பின்னால் வந்து முதுகைத் தழுவும் சுகத்துக்கென்றே ஆழ்வார் ஒரு திருமொழி முழுவதும் அருளியிருக்கிறார். இத்தனை ஆண்டுகள் அதை வாயால் சொல்லியிருக்கிறோம். முதுகு அறியவில்லை.

அன்று மாலை மணப்பாறை முறுக்கைக் கண்ணுக்கு வளையமாக வைத்துக்கொண்டு நாம் அவனுக்கு அப்பூச்சி காட்டினோம். முதலில் திகைத்தான், பிறகு உருண்டு உருண்டு சிரித்தான். முறுக்கு வீணாகிறதே என்று தர்மபத்னி குறைப்பட்டுக்கொண்டாள். விளக்கேற்றியதும் அவளே அவனுக்குத் திருஷ்டி கழித்தாள். ஆழ்வாரும் அந்திப்பொழுதில் கண்ணனைக் காப்பிட அழைத்தாரன்றோ!

சரித்திரத்துக்கு வருவோம். திருநந்தவனத்தில் திருத்துழாய் அடியில் ஆழ்வாருக்கு ஒரு பெண் குழந்தை கிடைத்தது. கோதை என்று திருநாமமிட்டு வளர்த்தார். யசோதையாய்ப் பாடியவருக்கு மெய்யாகவே மடிநிறைய ஒரு குழந்தை! அந்த இல்லத்தில் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை மகளின் வாக்கிலிருந்து ஊகிக்கலாம். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் அவள் சிறுமியரோடு மணலில் சிற்றில் இழைக்கிறாள். அதைச் சிதைக்க வரும் கண்ணனோடு வழக்காடுகிறாள். மணல்வீட்டைப் பொருட்டாக மதித்த தகப்பனாரின் இல்லத்தில் வளர்ந்தவளுக்கே அப்படி வழக்காட வரும். பெருமாளுக்கு வைத்த மாலையைத் தான் சூடி நீர்நிலையில் அழகு பார்த்ததும், எமக்குச் சிறுமியின் குறும்பாகவே முதலில் தோன்றுகிறது. ஆழ்வார் அதைக் கண்டு வருந்தினார். அவள் சூடிய மாலையே தனக்கு உகப்பு என்று எம்பெருமான் கனவில் அருளினான்.

ஸ்ரீரங்கத்து வீதிகளில் இந்த மணல் விளையாட்டுக்குப் பின்னொரு மரியாதை கிடைத்தது. பிள்ளைகள் மண்ணில் பெருமாளை வரைந்து விளையாட, மாதுகரத்துக்கு எழுந்தருளிய உடையவர் அதன் முன் தண்டன் ஸமர்ப்பித்தார் என்பது ஐதிஹ்யம்.

அதே ஸ்ரீரங்கத்துக்குத்தான் ஆழ்வார் கோதையைப் பல்லக்கில் அழைத்துவந்தார். அவள் பெரிய பெருமாளின் திருவடியில் புகுந்து மறைந்தாள். ஆழ்வார் தனியே வில்லிபுத்தூர் திரும்பினார். மகளைப் பிரிந்த தாயின் பாசுரமாக மூன்றாம் பத்தில் ஒரு திருமொழி உண்டு. பனி விழுந்த தாமரைக் குளம்போல வீடு பொலிவிழந்து வெறிச்சோடியதை அது சொல்லுகிறது. புகுந்த வீட்டில் யசோதை மருமகளை நன்றாக நடத்துவாளோ, விடியற்காலையில் எழுப்பித் தயிர் கடையச் சொல்லிக் கை தழும்பேறிவிடுமோ என்று தாய்மனம் கிடந்து தவிக்கிறது. ஸாக்ஷாத் பகவானுக்கு மகளைக் கொடுத்தவருக்குத் தயிர் மத்தைப் பற்றிய கவலை! பின்னர் ஆழ்வார் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி அங்கேயே திருநாடு அலங்கரித்தார். அவர் திருவரசு அழகர்மலை அடிவாரத்தில் இன்றும் ஸேவை ஸாதிக்கிறது.

பேரன் ஆடி மாதத்தில் ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் வருகிறான். பேச்சு ஒன்றுமில்லை, கண்ணிமையை மடித்துத் திரையருகே முகத்தைக் கொண்டுவருகிறான். நாம் நாற்காலியோடு பின்னே சாய்ந்து அலறுகிறோம். அவனுக்குப் பின்னால் நின்று அவன் தகப்பனும் சிரிக்கிறான்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.