பிரேம்சந்த் துறந்த பணி

இந்தி வகுப்பில் நீங்கள் அறிந்த ‘ஈத்கா’ கதையின் ஆசிரியர் பிரேம்சந்த். காசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்னும் சிற்றூரில் 1880இல் பிறந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கல்வித்துறையில் பணியாற்றினார். 1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகளின் உரையைக் கேட்டதும் அப்பணியைத் துறக்க எண்ணினார்; உடனே இயலவில்லை. வீட்டில் இரு குழந்தைகள், மனைவி சிவராணி தேவி கருவுற்றிருந்தார், அவருக்கோ உடல்நலமில்லை. சில நாள் தயங்கினார். சிவராணி தேவி இசைந்த பின்னரே பணி விலகினார். அவ்வம்மையாரின் துணிவு இன்றும் அதிகம் பேசப்படுவதில்லை. பின்னர்க் காசியில் தொடங்கிய சரஸ்வதி அச்சகம் இழப்பையே தந்தது. 1934இல் பம்பாய் சென்று திரைப்படத்திற்குக் கதை எழுதினார். பணம் கிடைத்தது, மனம் ஒன்றவில்லை. மறு ஆண்டே திரும்பினார். அச்சகத்தை மட்டும் இறுதிவரை மூடவில்லை.